முகாமில் சீட்டு வாங்கிய ஆறு பேரில் ஒருவர்தான் மருத்துவமனைக்குப் போனார்: மற்ற ஐவரை எப்படி அழைத்துச் செல்வது?

புதுவயல் குழுத்தலைவி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே புதுவயலை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவைப் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எங்கள் குழுவில் பாதிப்பேர் அரிசி ஆலையில் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்கிக் காவல் பார்க்கவும் போகிறவர்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. நான் வீடு வீடாகச் சென்று சொன்னதில் 43 பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஆறு பேரிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்குப் போய்க் காட்டச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துப் போய் விசாரித்தபோது ஒருவர் மட்டுமே போயிருந்தார். ஓர் அக்கா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "எடுத்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது, கிழித்துப் போடவும் மனசு வரவில்லை" என்றார். அவருக்கு 46 வயது. கணவர் இல்லை.

முகாமுக்கு அழைத்து வந்தவள் நான். அதனால் இந்த ஐந்து பேருக்கும் நான் கடமைப்பட்டவள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இருப்பது உண்மையிலேயே புற்றுநோய்தானா, எங்கே அழைத்துப் போவது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மாணவன்

வணக்கம் அக்கா. தங்கள் அக்கறைக்கு நன்றி. என் கருத்தில் துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பும் முகாம்களால் பயன் குறைவு. மார்பக எக்ஸ்ரே எடுக்கும் கருவி பொருத்திய பேருந்து ஒன்று நம் பகுதிக்கு வந்தால், எல்லாவற்றையும் ஊரிலேயே பார்த்துவிடலாம். பள்ளியும் கல்லூரியும் கோயில் திருப்பணியும் செய்த அறக்கட்டளைகள் நம் பகுதியில் நிறைய இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஒரு கருவி வாங்கித் தர மாட்டார்களா?

கோட்டையூர் செவிலியர் (பணி ஓய்வு)

முதலில் குழுத்தலைவி சகோதரிக்குச் சொல்கிறேன். சீட்டு வாங்கிய எல்லோருக்கும் புற்றுநோய் என்று பொருள் இல்லை. இதை அந்த ஐந்து பேரிடமும் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பலர் மருத்துவமனைக்குப் போகாததற்குக் காரணம், முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது என்ற எண்ணம்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முகாமில் எப்படிப் பரிசோதித்தார்கள் என்பதை விளக்கிச் சொன்னால் பயம் பாதி குறையும். கர்ப்பப்பை வாயை ஒரு கருவியால் விலக்கி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் நனைத்த பஞ்சை மெதுவாக வைத்து எடுப்போம். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் மணம்தான் வரும். பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாற்றம் தொடங்கிய இடம் இருந்தால், இளஞ்சிவப்பான தோலில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். எனக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்தே கடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வார். அவசரப்பட்டால் வெளுப்பு தெரியாமல் போய்விடும். சாதாரணப் புண்ணும் கிருமித் தொற்றும்கூட இலேசாக வெளுத்துக் காட்டும் என்பதால்தான், சந்தேகம் வந்தவரை மறுபரிசோதனைக்கு அனுப்புகிறோம். அங்கே உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையானால் கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் இல்லாமலோ, புற்றுநோய்க்கு முந்திய நிலையிலோதான் இருக்கும். அந்த முந்திய நிலை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால், குளிரால் உறைய வைத்தோ சூட்டால் பொசுக்கியோ அந்த இடத்தை அழித்துவிடலாம். சில நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

பள்ளத்தூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்குப் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி நடந்த பெரிய ஆய்வைப் படித்துப் பாருங்கள். அம்பிளிக்கை மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிலையமும், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து நடத்தியது. 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இந்தப் பஞ்சுப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை நடக்காத ஊராட்சிகளோடு ஒப்பிட்டபோது, இந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்ததாக 2007இல் முடிவு வெளியானது. வந்தவர்களும் நம் ஊரைப் போன்ற கிராமத்துப் பெண்களே. அங்கே மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் கையோடு செய்ய முயன்றார்கள். அந்தப் பலனில் பாதிக்குமேல் இதற்கே உரியது என்பது என் அனுபவத்தில் நான் உணர்ந்தது.

தேவகோட்டை வாசகி

அம்மா சொல்வது என் நெஞ்சைத் தொட்டது. என் தாயாருக்கு நடந்ததை எழுதுகிறேன். ஒரு முகாமில் அவருடைய மார்பைத் தொட்டுப் பார்த்தவர்கள், ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி ஊசியால் நீர் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும் என்றார்கள். எந்த எண்ணில் அழைப்பார்கள், யார் அழைப்பார்கள் என்று எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதிய கைப்பேசி எண் என் தம்பியுடையது. அவன் அப்போது திருப்பூருக்கு வேலைக்குப் போய், எண்ணையும் மாற்றியிருந்தான். யாரும் அழைக்காததால் ஒன்றும் இல்லை போலும் என்று அம்மா இருந்துவிட்டார். வலி இல்லை, அதனால் சந்தேகமும் வரவில்லை. ஒன்பது மாதம் கழித்துத் தோல் இழுத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆன பிறகுதான் மதுரைக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே மருந்து ஏற்றி, அறுவை செய்து, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து, இன்றைக்கு அம்மா உயிரோடு இருக்கிறார். அந்த ஒன்பது மாதத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. முகாம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாரிடம் எதை எடுத்தீர்களோ, அவரிடம் அதன் முடிவை நேரில் கொண்டுபோய்ச் சேருங்கள். நல்ல முடிவானாலும் சேருங்கள்.

ஆத்தங்குடி தொழிலாளி

இங்கே எல்லோரும் பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அது சரிதான். ஆண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். நான் தரையோடு செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். என் தந்தையார் கல்யாண வீடுகளில் சமையல்காரராக நாற்பது ஆண்டு இருந்தவர். அடுப்படியில் நிற்கும் நேரமெல்லாம் வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கி வைத்திருப்பார். வலப்பக்கக் கன்னம்தான் அதற்கு இடம்.

முதலில் அவர் சொன்னது, காரம் தாங்கவில்லை என்பதுதான். நண்டு மசாலாவையும் உப்புக் கண்டத்தையும் ருசி பார்த்தே பக்குவம் சொல்லும் மனிதர், குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணில் நீர் வர ஒதுங்கினார். வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பிறகு வாய் முழுமையாகத் திறக்கவில்லை. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள் என்று ஒரு பல் மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றரை விரல்தான் போயிற்று. கன்னத்தின் உள்தோல் வெளுத்து, தொட்டால் பழைய தோல்வார்போல் விறைத்திருந்தது. அந்தப் பக்கத்திலேயே ஆறாத புண் ஒன்றும் இருந்தது.

காரம் எரிவதும் வாய் இறுகுவதும் எச்சரிக்கை என்று எங்களுக்கு ஒருவரும் முன்பு சொல்லவில்லை. புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே வெளியிட்டிருக்கிறது. பாக்குதான் அதில் முக்கியக் குற்றவாளி. தாம்பூலம் வைத்து அழைப்பதும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதும் நம் பண்பாடு, அதை யாரும் விட வேண்டாம். தட்டில் வைப்பதோடு நிற்கட்டும், கன்னத்தில் அடக்கி வைக்க வேண்டாம் என்றுதான் நான் என் பட்டறையில் இளையவர்களிடம் சொல்லி வருகிறேன்.

கோட்டையூர் செவிலியர் (பணி ஓய்வு)

ஆத்தங்குடித் தம்பிக்கு மனமார்ந்த நன்றி. தந்தையாரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியது பலருக்கு உதவும். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005இல் எழுதினார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஒரு விளக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணும்தான். சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போய்விடுங்கள். குட்கா தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறோம்.

பள்ளத்தூர் மாணவன்

கருவிப் பேருந்து பற்றி நான் எழுதியதை மறுபரிசீலனை செய்கிறேன். தேவகோட்டை அக்காவின் தாயாருக்குக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டுத்தான் இருந்தது, அதற்குப் பின்புதான் எல்லாம் அறுந்துபோயிற்று. ஒரு கேள்வி. என் தங்கைக்கு 14 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கும்போது, அதைப் போட்டுவிட்டால் இந்தப் பரிசோதனைகளுக்கே தேவை இருக்காதே? எங்கள் வீட்டில் அப்பத்தா மட்டும், கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த ஊசி எதற்கு, பின்னால் பிள்ளை இல்லாமல் போய்விடும் என்று தடுக்கிறார்.

கோட்டையூர் செவிலியர் (பணி ஓய்வு)

அப்பத்தாவிடம் பொறுமையாகப் பேசுங்கள் தம்பி. அவர் பேத்தியின் நலம் கருதித்தான் பயப்படுகிறார். ஹெச்.பி.வி. என்னும் கிருமி தாம்பத்திய உறவின் வழியே பரவுகிறது, ஆகவே அதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன் உண்டு. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். இந்தக் கிருமியின் 16, 18 என்ற இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். தடுப்பூசி அவற்றைத் தடுக்கிறது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிக்கிம் மாநிலம் 2018இலேயே பள்ளி மாணவியருக்குப் போட்டது. புனேவில் உருவாக்கிய நம் நாட்டு ஊசியும் இப்போது இருக்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, இந்த வயதினருக்கு ஒரு தவணையே போதிய பாதுகாப்புத் தரும் என்று கூறியது. தமிழக அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போட அறிவித்தது. தங்கையின் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

ஆனால் ஊசி தங்கைக்கானது. தாய்க்கும் சித்திக்கும் அத்தைக்கும் பரிசோதனைதான் வழி, கிருமி ஏற்கனவே உள்ளே இருந்தால் ஊசி அதை விரட்டாது. ஊசி போட்ட தங்கையும் 30 வயதானதும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனென்றால் மீதி வகைகள் இருக்கின்றன.

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பஞ்சுப் பரிசோதனை பார்ப்பவர் கண்ணை நம்பியது, மாதவிலக்கு நின்ற பெண்களிடம் மாற்றம் வரும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால் அவர்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ஹெச்.பி.வி. கிருமியைக் கண்டறியும் பரிசோதனை அதைவிடச் சிறந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் அதை ஒரே முறை செய்ததில் இறப்பு ஏறத்தாழப் பாதியானது என்று 2009இல் வெளியிட்டார்கள். கூச்சப்படும் பெண்கள் அதற்கான மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கவும் முடியும். மார்பகத்துக்கும் இப்படித்தான். மும்பையில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடையே இறப்பு 30 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள்.

கண்டனூர்க்காரர், சிங்கப்பூரிலிருந்து

இழை முழுவதையும் படித்தேன். எங்கள் குடும்ப அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு முகாமுக்குப் பணம் கொடுக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் புகைப்படங்களும் எங்களுக்கு வரும். சீட்டு வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனத்தில் தாங்கி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். நம் மண்ணுக்கு இவ்வளவு அருகிலிருந்து புறப்பட்டவர் அவர். எங்கள் பணம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகி

ஐயா கேட்டதால் சொல்கிறேன். சிகிச்சைக்கு நாங்கள் பெரும்பாலும் பணம் கட்டவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களைக் கடனாளி ஆக்கியது மற்றவைதான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மதுரைக்குப் போகும் பேருந்தில் உண்டு. கூட வருகிறவருக்கும் உண்டு. கரண்ட் வைப்பது வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்து வாரம் நடந்தது. அத்தனை நாளும் என் கூலி போயிற்று. இரவு தங்க இடமில்லாமல் வராந்தாவில் படுத்தோம்.

ஆத்தங்குடி தொழிலாளி

நகரத்தார் பெருமக்கள் காசியிலும் இராமேசுவரத்திலும் யாத்திரிகருக்கு விடுதி கட்டி வைத்திருக்கிறார்கள். மதுரையில் சிகிச்சைக்குப் போகும் நம் பகுதி ஏழைகளுக்கு நான்கு அறைகள் இருந்தால் போதும். என் தந்தையார் பாதியில் சிகிச்சையை விட்டு ஊர் திரும்பியதற்குத் தங்க இடமில்லாததும் ஒரு காரணம்.

பள்ளத்தூர் மாணவன்

ஒரு தயக்கத்தைச் சொல்லலாமா? கூலியை ஈடுகட்டப் பணம் கொடுத்தால், பணத்துக்காகவே வருவார்கள் என்று பேச்சு வராதா?

கோட்டையூர் செவிலியர் (பணி ஓய்வு)

அந்த மேசையில் கால் விரித்துப் படுக்கப் பணத்துக்காக எந்தப் பெண்ணும் வர மாட்டாள் தம்பி. நாள் கூலிக்காரி ஒருத்தி ஒரு நாளை இழந்தால் அன்றைக்கு அடுப்பு எரிவது சிரமம், அதை ஈடுசெய்வது நியாயம்தான்.

கண்டனூர் ஐயாவுக்கு என் வேண்டுகோள் இது. ஊருக்கு ஒரு பெண்ணைத் துணையாளாக வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வலரோடும் கிராம சுகாதாரச் செவிலியரோடும் சேர்ந்து அவர் இயங்க வேண்டும். சீட்டு வாங்கியவர் பெயர், எப்போது போனார், முடிவு என்ன, சிகிச்சை முடிந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி, முடியும்வரை விடாமல் கூடப் போக வேண்டும். அவருக்குச் சம்பளமும், இருவருக்கும் பேருந்துச் செலவும், ஒரு நாள் கூலியும் கொடுங்கள். 2030க்குள் எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது: 90 விழுக்காட்டுச் சிறுமியருக்கு ஊசி, 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. நம் பகுதியில் பந்தல் போடுவதெல்லாம் நடு இலக்குக்காக மட்டுமே என்பது என் மனக்குறை.

கண்டனூர்க்காரர், சிங்கப்பூரிலிருந்து

ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிய தொகையை இதற்கே மாற்றும்படி குடும்பத்தாரிடம் பேசிவிட்டேன். குழுத்தலைவிக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். மதுரை அறைகளுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும், ஆனால் அதையும் எடுத்துக்கொள்கிறேன்.

புதுவயல் குழுத்தலைவி

பதினைந்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். செவிலியர் அம்மா சொன்னபடி ஐந்து பேர் வீட்டுக்கும் அன்று மாலையே போனேன். பஞ்சு, வினிகர் மணம், ஒரு நிமிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். ஆலையில் பேசியதில், கூலி தர மறுத்தாலும் வேலை முறையை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

சென்ற வியாழக்கிழமை மூன்று பேரை அழைத்துக்கொண்டு காரைக்குடி போய், அங்கிருந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஒருவருக்குத் தொற்று மட்டும்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒருவருக்கு முந்திய நிலை இருப்பதாகச் சொல்லிச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இன்னொருவருக்குச் சதை எடுத்திருக்கிறார்கள், முடிவுக்குக் காத்திருக்கிறோம். பதிவேட்டில் அவருடைய எண்ணுக்குக் கீழே என் எண்ணையும், அதற்குக் கீழே ஆலை மேற்பார்வையாளர் எண்ணையும் எழுதச் சொன்னேன். நான்காமவர் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் அழைத்துப் போவேன்.

சாமி படத்துக்குப் பின்னால் சீட்டை வைத்திருந்த அக்கா அன்று வரவில்லை. நேற்று இரவு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சீட்டு கையில் இருந்தது, நான்காக மடித்த இடத்தில் விபூதி ஒட்டியிருந்தது. காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறே காலுக்கு என்றேன். வருகிற வியாழக்கிழமை நாங்கள் இருவரும் போகிறோம்.